முழங்காலும் மூட்டு மாற்றும்

காலையில் பள்ளி கூடும்போது மாணவர் முன் நின்று பேசும் தலைமையாசிரியன், பேச்சின் நடுவே உடலை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றி மாற்றி நிற்பானாயின், மாணவர் அதைக் கவனியாமல் விடமாட்டார்கள். நான்காம் ஆண்டுச் சிறுவன் ஒருவன் என்னைப் போலவே நின்று காட்டித் தன் தோழரைச் சிரிக்க வைத்ததை ஒரு நாள் சன்னல் வழியே கண்டேன். நடிப்பில் குறை சொல்வதற்கில்லை. என் வலது முழங்கால் என்னைவிட மூத்துவிட்டது என்பதை அன்றுதான் ஒப்புக்கொண்டேன்.

ஆனால் இக்கட்டுரையின் பெரும்பகுதி என் முழங்காலைப் பற்றியதன்று. என் தாயாருடையதைப் பற்றியது. 2022-ஆம் ஆண்டில், தம் 74-ஆம் வயதில், அவர் இடது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டார். அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் செய்த பிழைகள் சில உண்டு. நாள் முழுதும் நின்றே பிழைப்பு நடத்தும் ஆசிரிய நண்பர்கள் பலர் என்னிடம் இதைப் பற்றி வினவுகின்றனர். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்வதைவிட இங்கு எழுதிவிடுவது நலம் என்று கருதினேன்.

என் தாயார் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். வெட்டு மேலே இருக்கும் மரத்தில் நின்று வெட்டலாம். வெட்டு கீழிறங்கிய மரத்தில் குனிந்தும் குந்தியும்தான் வெட்ட வேண்டும். பின்னர் இரு வாளிகளையும் காண்டாவில் தூக்கி மேட்டிலும் பள்ளத்திலும் நடக்க வேண்டும். 1990-களில் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோதுதான் அவருடைய வேலை நின்றது. குந்துதலும், முழந்தாளிடுதலும், சுமை தூக்குதலும் பல்லாண்டுகள் சேர்ந்தால் முழங்கால் மூட்டு கெடும் வாய்ப்பு மிகும் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த உண்மை. இங்கிலாந்தில் கெல்கிரன், லாரன்சு என்னும் இரு மருத்துவர்கள் 1952-லேயே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் மூட்டுகளை எக்ஸ்ரே படம் எடுத்து ஆராய்ந்து எழுதினர். நம் தோட்டத்துப் பெண்களின் முழங்கால்களை அவர்கள் பார்த்திருந்தால் இன்னும் பல பக்கங்கள் எழுதியிருப்பார்கள்.

‘தேய்மானம்’ என்னும் சொல்

முழங்காலில் மூன்று எலும்புகள் கூடுகின்றன. மேலே தொடையெலும்பின் அடி. கீழே கீழ்க்காலின் பெரிய எலும்பின் தலை. முன்னே கவசம்போல் ஒரு சில்லு. எலும்பும் எலும்பும் உராயாதபடி அவற்றின் முனைகளைச் சில மில்லிமீட்டர் கனமுள்ள வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. இக்குருத்தெலும்பில் நரம்பும் இல்லை. இரத்தக் குழாயும் இல்லை. நரம்பு இல்லாமையால் அது கெடத் தொடங்கும்போது நமக்கு வலி தெரிவதில்லை. இரத்தக் குழாய் இல்லாமையால், தோலில் பட்ட காயம் ஆறுவதுபோல் அது தானாக ஆறிவிடுவதுமில்லை. வலி தோன்றும்போது மூட்டின் உட்சவ்வும், எலும்பும், சுற்றியுள்ள தசைநார்களும் சேர்ந்தே துன்புறத் தொடங்கியிருக்கும்.

இந்நோயைத் தமிழில் ‘மூட்டுத் தேய்மானம்’ என்கிறோம். மருத்துவர் சொல்கிறார், நாமும் சொல்கிறோம். தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கு இச்சொல்லின்மேல் ஒரு குறை உண்டு. தேய்மானம் என்றவுடன் மனக்கண்முன் வருவது மோட்டார் வண்டியின் டயர். ஓட ஓடத் தேயும். ஓட்டாமல் நிறுத்திவைத்தால் தேயாது. எனவே நடந்தால் மூட்டு மேலும் தேயும், உட்கார்ந்திருந்தால் மிஞ்சும் என்று மக்கள் முடிவு செய்துகொள்கின்றனர். பக்கத்து வீட்டு அம்மையார் ஒருவர் என் தாயாரிடம் இதையே சொன்னார். தாயாரும் இரண்டு ஆண்டுகள் வாசலுக்கும் அடுப்படிக்கும் மேல் நடவாமல் இருந்துவிட்டார். நானும், ஓய்வு நல்லதுதானே என்று இருந்துவிட்டேன்.

உண்மை இதற்கு நேர் எதிரானது. இரத்தக் குழாய் இல்லாத குருத்தெலும்புக்கு உணவு எங்கிருந்து வருகிறது? மூட்டுக்குள் ஊறும் நீரிலிருந்து வருகிறது. அடி எடுத்து வைக்கும்போது கடற்பஞ்சைப் பிழிவதுபோல் குருத்தெலும்பிலிருந்து நீர் வெளியேறுகிறது. பாரம் நீங்கும்போது புதிய நீர் உட்புகுகிறது. அளவான நடையே அதற்குச் சோறு. அன்றியும், முழங்காலுக்கு வரும் அதிர்ச்சியைப் பெரிதும் தாங்குவது தொடையின் முன்பக்கத்துத் தசை. நடவாதிருந்தால் அத்தசை சில வாரங்களிலேயே மெலியத் தொடங்கும். மெலிந்தால் வலி கூடும். வலி கூடினால் நடை இன்னும் குறையும். இரண்டாண்டு ஓய்வுக்குப்பின் என் தாயாரின் இடது தொடை வலது தொடையைவிடக் கண்ணால் பார்த்தே சொல்லுமளவுக்குச் சிறுத்திருந்தது.

படமும் வலியும்

மேற்சொன்ன கெல்கிரன், லாரன்சு இருவரும் 1957-இல் எக்ஸ்ரே படத்தைக் கொண்டு இந்நோயைச் சுழியம் முதல் நான்கு வரை ஐந்து படிகளாகப் பிரித்தனர். இன்றளவும் மருத்துவர்கள் அதையே கையாளுகின்றனர். நான்காம் படியில் எலும்புகளுக்கிடையே இருக்கவேண்டிய இடைவெளி பெரும்பாலும் மறைந்து, எலும்பின்மேல் எலும்பு உட்கார்ந்துவிடும். ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். படத்தின் படியும் வலியின் படியும் ஒத்துப்போவதில்லை. நான்காம் படியில் இருந்துகொண்டே சந்தைக்கு நடந்து போய்வருபவர் உண்டு. இரண்டாம் படியிலேயே இரவில் உறங்க முடியாதவரும் உண்டு. ஆகவே படத்தை மட்டும் விளக்கின்முன் பிடித்துப் பார்த்து, ‘அறுத்துவிடலாம்’ என்று சொல்பவரிடம் இன்னும் சில கேள்விகள் கேட்பதில் தவறில்லை.

அறுவைக்கு முன் செய்யத்தக்கவை எவை? தொடைத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் உடல் எடையைக் குறைத்தலும்தான் முதலிடம் பெறுவன. எடையில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால்மேல் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று அமெரிக்காவில் 2005-இல் அளந்து கண்டனர். வலி மாத்திரைகள் உதவும். ஆயினும் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள நம்மவர்க்கு இது வீண் எச்சரிக்கையன்று. மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும், நோயை மாற்றாது.

நம் வீடுகளில் பலர் மாதந்தோறும் பணம் கொட்டி வாங்கும் குளுக்கோசமின் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1,583 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2006-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், மொத்தத்தில் பார்க்கும்போது அது வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. என் தாயாருக்கு நான் நான்கு ஆண்டுகள் வாங்கிக் கொடுத்தேன். மகன் வாங்கி வந்தான் என்ற மகிழ்ச்சி ஒன்றே அதில் கிடைத்த பயன்.

இன்னும் வியப்பானது ஒன்று. சிறு துளையிட்டு மூட்டுக்குள் குழாய் விட்டுக் கழுவிச் சுத்தம் செய்யும் முறை ஒரு காலத்தில் பெரிதும் வழங்கியது. ஹூஸ்டன் நகரில் 180 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். சிலருக்கு உண்மையாகவே அதைச் செய்தனர். சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டனர். யாருக்கு எது செய்யப்பட்டது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டாண்டுகள் கழித்துப் பார்த்தபோது இரு திறத்தாருக்கும் வேற்றுமை இல்லை. 2002-இல் இது வெளிவந்தபின் மூட்டுத் தேய்மானத்துக்காக மட்டும் அம்முறையை நாடுவது குறையலாயிற்று.

அப்படியானால் மூட்டு மாற்றும் அத்தகையதுதானோ என்று ஐயுறுவோர்க்கு, டென்மார்க்கில் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு விடை தருகிறது. அறுவைக்குத் தகுதியான 100 பேரில் 50 பேருக்கு மூட்டு மாற்றும் அதன்பின் பயிற்சியும், மற்ற 50 பேருக்குப் பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு போன்றவை மட்டும் கொடுத்தனர். ஓராண்டுக்குப்பின் இரு திறத்தாரும் தேறியிருந்தனர். ஆனால் அறுவை செய்துகொண்டவர் பெற்ற நலம் ஏறத்தாழ இரு மடங்கு. அதே வேளையில் கடுமையான கேடுகள் அவர்களிடையே 24, மற்றவரிடையே 6. பயிற்சி மட்டும் பெற்ற 50 பேரில் அவ்வாண்டுக்குள் அறுவையை நாடியவர் 13 பேரே. மாணவர்க்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் நாம் இவ்வெண்களை இருமுறை படிக்க வேண்டும். அறுவை நன்றாக வேலை செய்கிறது என்பதும் உண்மை. பலர் அதைத் தள்ளிப்போடலாம் என்பதும் உண்மை.

என்னதான் செய்கிறார்கள்?

‘மூட்டு மாற்று’ என்ற சொல்லும் சிறிது மிகைப்படச் சொல்கிறது. முழங்காலையே கழற்றி வேறொன்று பூட்டுவதாகப் பலர் அஞ்சுகின்றனர். என் தாயாரும் அவ்வாறே எண்ணியிருந்தார். உண்மையில் கெட்டுப்போன முனைகளில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவே சீவி எடுக்கின்றனர். சொத்தைப் பல்லைச் சீவி உறை மாட்டுவது போன்றதே இது. தொடையெலும்பின் அடிக்குக் கோபால்டு, குரோமியம் கலந்த உலோக உறை. கீழெலும்பின் தலைக்குப் பெரும்பாலும் டைட்டேனியத் தட்டு. இரண்டுக்கும் நடுவே குருத்தெலும்பின் இடத்தில் பாலிஎத்திலீன் என்னும் உறுதியான பிளாஸ்டிக். இவற்றை எலும்போடு பொருத்த ஒருவகைச் சிமெந்து. வேலை ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். முதுகுத் தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்து நடத்துவதும் உண்டு.

இந்நிலையை அடைய நெடுங்காலம் சென்றது. 1890-இல் பெர்லினில் தெமிஸ்டோக்ளஸ் குளூக் என்னும் மருத்துவர் தந்தத்தால் கீல் செய்து காசநோய் தாக்கிய முழங்காலில் பொருத்தினார். கிருமி புகுந்து அம்முயற்சி தோற்றது. பிறகு உலோகக் கீல்கள் வந்தன. கதவுக் கீல்போல் ஒரே அச்சில் மடங்குவதல்ல முழங்கால். மடங்கும்போது உருளவும் வழுக்கவும் சிறிது திரும்பவும் செய்வது. அதை உணர்ந்து கீலை விட்டொழித்தவர் கனடா நாட்டவரான பிராங்க் கன்ஸ்டன். இங்கிலாந்தில் இடுப்பு மூட்டு மாற்றில் புகழ்பெற்ற ஜான் சார்ன்லியிடம் பணியாற்றியபோது, 1960-களின் இறுதியில், அவர் இதைச் செய்தார். 1974-இல் நியூயார்க்கில் உருவான அமைப்பே இன்று பொருத்துவனவற்றுக்கெல்லாம் முன்னோடி.

எத்தனை ஆண்டு உழைக்கும்? பல்லாயிரம் நோயாளிகளின் பதிவேடுகளைத் திரட்டி 2019-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட கணக்கின்படி, முழு மூட்டு மாற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 82 பங்கு 25 ஆண்டுகள் நிலைக்கின்றன. எழுபதைக் கடந்தவர்க்கு இது போதும். ஐம்பதுகளில் இருப்பவர் சற்று நின்று எண்ண வேண்டும். மறுமுறை செய்யும் அறுவை முதலாவதைவிடப் பெரியது. பலனும் அதைவிடக் குறைவு.

முடிவு செய்தவர் யார்?

அறுவைக்கு முதலில் மறுத்தவன் நான்தான். எங்கள் உறவினர் ஒருவர் அறுவைக்குப்பின் படுத்தவர் எழவில்லை என்ற கதையைக் கேட்டிருந்தேன். அதை ஒரு காரணமாகப் பிடித்துக்கொண்டேன். எலும்பு மருத்துவர் தாயாரைப் பார்த்து, “எதற்காகச் செய்துகொள்ள விரும்புகிறீர்கள்?” என்று மலாயில் கேட்டார். நான் வாய் திறக்குமுன் தாயார் தமிழிலேயே விடை சொன்னார்: “ராத்திரி யாரையும் எழுப்பாம நானே கக்கூசுக்குப் போகணும்.” நான் மொழிபெயர்த்தேன். மொழிபெயர்க்கும்போதுதான், ஓராண்டாக இரவுதோறும் என் மனைவியை எழுப்ப நாணி அவர் விடியும்வரை அடக்கிக்கொண்டு கிடந்தார் என்பது எனக்கு விளங்கியது. ஒரே கூரையின்கீழ் இருந்தேன். இது எனக்குத் தெரியாது.

மருத்துவர் அதன்பின் செய்தது போற்றத்தக்கது. எவற்றைத் தர இயலாது என்பதை முதலில் சொன்னார். தரையில் சம்மணமிட்டு உட்காருதல், குந்துதல், முழந்தாளிட்டு வீடு துடைத்தல் ஆகியவற்றை இனி எதிர்பார்க்க வேண்டாம். இயற்கை முழங்கால் 135 பாகைக்குமேல் மடங்கும். மாற்றிய மூட்டு பெரும்பாலோர்க்கு 110 முதல் 120 வரை மடங்கும். நாற்காலியிலிருந்து எழவும் படி ஏறவும் அது போதும், குந்தப் போதாது. வீட்டில் குந்தும் கழிவறை இருந்தால் அறுவைக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். பத்துமலையின் 272 படிகளைப் பற்றி நான் கேட்டேன். மாதங்கள் சென்றபின் மெல்ல ஏறலாம், இறங்குவதே கடினம் என்றார். “அது உன் ஆசை, எனக்கு வேண்டாம்” என்றார் தாயார்.

அறுவை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் முழு நிறைவு அடைவதில்லை என்று பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. அறுவை கெட்டுப்போவது மட்டும் அதற்குக் காரணமன்று. இளமைக் கால் திரும்பிவரும் என்று எதிர்பார்த்துப் போனவர் ஏமாறுகின்றனர். நூற்றில் ஓரிருவர்க்கு மூட்டில் கிருமி புகலாம். காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையலாம். இவற்றையும் சொல்லித்தான் கையொப்பம் வாங்கினர்.

நாள் குறித்தபின் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தமையால் மூன்று மாதம் தள்ளிவைத்தனர். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிடில் புண் ஆறத் தாமதமாகும். கிருமி புகுவதும் எளிது. சொத்தைப் பல் ஒன்றையும் பிடுங்கச் சொன்னார்கள். பல்லுக்கும் முழங்காலுக்கும் என்ன உறவு என்று தாயார் கேட்டார். வாயில் உள்ள கிருமி இரத்தத்தின் வழியே வந்து புதிய உலோகத்தில் குடியேறக்கூடும். அம்மூன்று மாதங்களையும் வீணாக்காமல் தொடைப் பயிற்சி செய்யச் சொன்னதே பின்னால் பெரிதும் கைகொடுத்தது.

தலையணை

அறுவைக்கு மறுநாளே எழுப்பி நிற்க வைத்துவிட்டனர். ஐந்தாம் நாள் வீடு வந்தோம். கையில் மலாயும் ஆங்கிலமும் கலந்த ஒரு துண்டுத்தாள் கொடுத்தனர். வார்டில் தமிழில் எடுத்துச் சொல்ல அன்று யாரும் இல்லை. நான் அதை மடித்து மேசை அறைக்குள் வைத்தேன். பள்ளியில் மாணவர் சுற்றறிக்கையைப் படியாமல் பைக்குள் திணித்தால் கடிந்துகொள்பவன் நான்.

தாயாருக்கு முழங்காலின்கீழ் ஒரு தலையணை வைத்தால் இதமாக இருந்தது. நாங்களும் அன்போடு வைத்தோம். இரவில் நழுவினால் எழுந்துபோய்த் திரும்ப வைத்தோம். மூன்று வாரம் இப்படியே சென்றது. மறு பரிசோதனைக்குப் போனபோது பிசியோதெரபி பயிற்றுநர் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, கால் நேராக நீள 15 பாகை குறைகிறது என்றார். தலையணையைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் நினைவிலிருக்கிறது.

காரணம் இதுதான். சிறிது மடங்கிய நிலையில் மூட்டுக்குள் இடம் அதிகம். வீக்கத்தின் நெருக்கம் அங்கே குறைவு. எனவே இதமாக இருக்கும். ஆனால் ஆறும் தசைநார்கள் அந்நிலையிலேயே இறுகிவிடும். பிறகு காலை நேராக நீட்ட இயலாது. நீட்ட இயலாத கால் ஒவ்வோர் அடியிலும் நொண்டும். தலையணை வைப்பதாயின் குதிகாலின்கீழ் வைக்க வேண்டும். முழங்கால் தன் பாரத்தால் கீழே தாழ்ந்து நேராகும். வலிக்கத்தான் செய்யும். துண்டுத்தாளில் மூன்றாம் வரியில் இது படத்தோடு இருந்தது.

அதன்பின் நாள்தோறும் மூன்று வேளை பயிற்சி. முழங்காலின் பின்புறத்தைப் படுக்கையோடு அழுத்தி ஐந்து நொடி நிறுத்துதல்; குதிகாலைப் படுக்கையில் இழுத்து மடக்குதல்; காலை நேராகத் தூக்குதல். இரத்தம் உறையாதிருக்க முதல் வாரங்களில் பாதத்தை மேலும் கீழும் அடிக்கடி அசைக்க வேண்டும். பயிற்சிக்கு அரைமணி முன்பு வலி மாத்திரை, பின்னர் துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடம் பதினைந்து நிமிடம். வலிக்கு அஞ்சி மாத்திரையைத் தவிர்ப்பது வீரமன்று. மாத்திரை இன்றிப் பயிற்சி நடவாது. கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலும், மூச்சுத் திணறினாலும், காய்ச்சலோடு தையலில் சீழ் கண்டாலும் மறுநாளுக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கைத்தடியை அறுவை செய்த காலின் பக்கத்துக் கையில் பிடிப்பது நம்மில் பலர் செய்யும் தவறு. எதிர்ப்பக்கத்துக் கையில்தான் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். என் மகள் இதைக் கரித்துண்டால் சுவரில் எழுதி வைத்தாள். சுவர் போனாலும் பாட்டிக்குக் கால் வந்தது.

மூட்டில் வெம்மையும் வீக்கமும் மூன்று முதல் ஆறு மாதம்வரை இருந்தன. தழும்பின் வெளிப்பக்கம் ஓரிடம் இன்னும் மரத்தே இருக்கிறது; வெட்டிய சிறு நரம்புகளால் வருவது, கேடில்லை. நடக்கும்போது உள்ளே ‘டக்’ என்ற ஒலி, அதுவும் கேடில்லை. முழுத் தேர்ச்சிக்கு ஓராண்டு ஆகும் என்றனர், ஆயிற்று. 15 பாகைக் குறை ஐந்தாகக் குறைந்தது. ஐந்தில் நின்றுவிட்டது. மாலையில் களைத்திருக்கும்போது அவர் சிறிதே சாய்ந்து நடப்பார். அச்சாய்வு நான் வைத்த தலையணையால் வந்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. இரவில் யாரையும் எழுப்புவதுமில்லை.

என் வலது முழங்கால் மூன்றாம் படியில் இருக்கிறது என்றார் மருத்துவர். எனக்கு வயது 56. இரவில் உறங்குகிறேன், ஒரு மணி நேரம் நடக்கிறேன். இப்போது அறுவை வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம். ஆறு கிலோ குறைத்திருக்கிறேன். தாயாரும் நானும் காலை ஆறு மணிக்கு எதிரெதிரே நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டிப் பத்து எண்ணி இறக்குகிறோம். எண்ணுபவர் அவர்தான், ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே வேண்டுமென்றே நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்.